தண்ணீர் குடிக்காத ஃபோம்

தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், ஐயா. இந்த நாற்காலிக்குப் போட்டிருக்கிற குஷன் மட்டமான சரக்கு. உட்கார்ந்த மாத்திரத்தில் அடிப்பலகை தட்டுகிறது, ஓரத்தில் தையலும் விட்டிருக்கிறது. இங்கே வருகிறவர்கள் சொகுசாக உட்காரக் கூடாது என்று வேண்டுமென்றே போட்டதாகவும் இருக்கலாம். நான் குறை சொல்லவில்லை. தொழில் புத்தி. எங்கே உட்கார்ந்தாலும் கை முதலில் அடியில் போய்த் தடவிப் பார்க்கும்.

எனக்குச் சோபா, மெத்தை, வண்டி சீட் எல்லாம் தைக்கிற கடை. இந்த ஊரில் பாதிப்பேர் என் வேலைமேல்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். உட்கார்ந்தவர் எவரும் எழுந்து திரும்பிப் பார்த்து, இதைத் தைத்தது யார் என்று கேட்டதில்லை. அதில் எனக்கு வருத்தமும் இருந்ததில்லை. அதாவது, என் சகலை படகு கட்ட ஆரம்பிக்கும் வரைக்கும் இருந்ததில்லை.

நேற்று அவர் இந்த ஸ்டேஷனில் இதே அறைக்கு வந்து, படகு மூழ்கியதற்குத் தானே பொறுப்பு, கட்டியதில் எங்கோ தவறு செய்துவிட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனாராம். என் மாமனார் சொன்னார். சொல்லிவிட்டு, பாவம் அந்தப் பிள்ளை என்று அழவும் செய்தார். சகலை சொன்னது தப்பு, ஐயா. அதைத் திருத்தத்தான் வந்திருக்கிறேன். நிதானமாகச் சொல்கிறேன், நீங்களும் நிதானமாக எழுதிக்கொள்ளுங்கள்.

சகலை என்றால் என் மனைவியின் தங்கை புருஷன். கட்டடக் கம்பெனி ஒன்றில் வரைபடம் போடுகிற வேலை. என்னைவிட வயதில் சின்னவர், என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவார். நானும் வாங்க, போங்க என்றுதான் பேசுவேன். மனசுக்குள் அவன், வாயில் அவர். இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட வாய் தவறியதில்லை. என்னை நாலு பேர் தங்கமான மனுஷன் என்று சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

அவருக்குப் படகுப் பைத்தியம் எங்கேயிருந்து பிடித்தது என்று தெரியாது. வீட்டுக்குப் பின்னால் கார் நிறுத்துகிற கொட்டகை இருந்தது. ஒரு நாள் பார்த்தால் கார் தெருவுக்கு வந்துவிட்டது, கொட்டகைக்குள் ப்ளைவுட் பலகைகள் போய்விட்டன. முதலில் எல்லோரும் கேலிதான் செய்தோம். "என்ன மாப்ள, உலகம் மூழ்கப்போகுதுன்னு உங்களுக்கு மட்டும் யாராவது தகவல் சொன்னாங்களா?" என்று மாமனார் கேட்டார். நானும் வயிறு குலுங்கச் சிரித்தேன். அந்தச் சிரிப்பு எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அது நீடிக்கவில்லை.

குறுக்குச் சட்டங்கள் ஒவ்வொன்றாக நின்று, பலகை வளைந்து அவற்றின்மேல் உட்கார்ந்து, அது நிஜமாகவே படகு மாதிரித் தெரிய ஆரம்பித்ததும் கேலி நின்றுவிட்டது. மாமனார் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டுபோய்க் கொட்டகை வாசலில் போட்டுக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் குடும்பமே அங்கேதான். சகலை ஒரு ஆணி அடித்தால் நாலு பேர் வாயைப் பிளந்தார்கள். நானும் போவேன். போகாமல் இருந்தால் பொறாமை என்று நினைத்துவிடுவார்கள் அல்லவா, அதனால் தவறாமல் போவேன்.

என் மனைவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து அவள் என் கடைக்குள் வந்தது மிகக் குறைவு. தூசி ஒத்துக்கொள்ளாது, தும்மல் வரும் என்பாள். நான் நம்பினேன். ஆனால் சகலை வீட்டுக் கொட்டகையில் மரத்தூள் பறந்துகொண்டிருந்தது. அதற்கு நடுவில் அவள் புடவையை இழுத்துச் சொருகிக்கொண்டு உட்கார்ந்து உப்புத்தாள் தேய்த்தாள். தும்மவே இல்லை. நான் கவனித்தேன். வாசலில் மாமனார் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, தும்மல் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

வீட்டுக்கு வந்தால் அவள்மேல் பிசின் வாடை. சாப்பிடும்போது படகுப் பேச்சு. பிசின் எவ்வளவு நேரத்தில் இறுகும், வெயில் ஏறினால் ஏன் சீக்கிரம் இறுகும் என்று எனக்குப் பாடம் எடுப்பாள். என் தையல் மெஷினில் எந்த ஊசி போடுவேன் என்று அவளுக்குத் தெரியாது. "தம்பி அந்தப் பலகையை வளைச்சாரு பாருங்க, கொஞ்சம் கொஞ்சமா, அவ்வளவு பொறுமை. நீங்க பார்த்திருக்கணும்" என்பாள். நான் அங்கேதான் இருந்தேன். அவள் பார்க்கவில்லை.

தம்பி என்றுதான் கூப்பிடுவாள். அவரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார். கூப்பிடுவதில் என்ன இருக்கிறது, ஐயா. நான் சகலையை அவர் என்று கூப்பிடவில்லையா.

எனக்கு வயிறு எரிந்தது. அதை மறைக்க விரும்பவில்லை. மறைப்பதென்றால் இங்கே வந்திருக்கவே மாட்டேன். ஆனால் வயிற்றெரிச்சல்காரர்கள் எல்லோரும் படகை மூழ்கடிப்பதில்லை. நானும் அதோடு நின்றிருப்பேன். அவர்களாகத்தான் என்னைத் தேடி வந்தார்கள்.

படகின் தரைப்பலகைக்கும் அடிப்பலகைக்கும் நடுவே ஒரு வெற்றிடம் இருக்கும். குறுக்குச் சட்டங்கள் அதை வரிசையாக அறை அறையாகத் தடுத்திருக்கும். அந்த அறைகளில் ஃபோம் அடைத்துவிட்டால், படகு முழுக்கத் தண்ணீர் ஏறினாலும் முங்காது. பிடித்துக்கொண்டு மிதக்கலாம். சகலை இதை எல்லோருக்கும் சொல்லி வைத்திருந்தார். இன்னொன்றும் சொன்னார். மழைத் தண்ணீரோ அலைத் தண்ணீரோ கசிந்து கீழே இறங்கத்தான் செய்யும், அதைத் தடுக்க முடியாது, இறங்கிய தண்ணீர் தேங்கக் கூடாது, அவ்வளவுதான். அதற்காக ஒவ்வொரு சட்டத்தின் அடியிலும் சின்ன ஓட்டை வைத்திருந்தார். தண்ணீர் அறைக்கு அறை ஓடிப் பின்கோடிக்கு வரும். அங்கே ஒரு திருகு மூடி. கரையில் ஏற்றிவைத்துத் திருகினால் எல்லாம் வடிந்துவிடும். குப்பை அடைத்துக்கொண்டால்? அதற்கும் வழி செய்திருந்தார். முன்கோடியிலிருந்து பின்கோடி வரைக்கும் அந்த ஓட்டைகள் வழியாக ஒரு மெல்லிய சங்கிலி கோத்திருந்தார். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நாலு தடவை இழுத்தால் ஓட்டைகள் சுத்தமாகிவிடும். கெட்டிக்காரர்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை.

"ஃபோமுக்கு நீங்க இவரைக் கேளுங்க தம்பி. இவரை மிஞ்சி யாருக்குத் தெரியும்?" என்று என் மனைவி சொன்னாள். எல்லோர் முன்னாலும் சொன்னாள். அவருக்கு ஒரு சாமான் தேவைப்பட்டதும் இவளுக்குப் புருஷன் ஞாபகம் வந்துவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன். வெளியே தலையை ஆட்டினேன்.

ஃபோமில் இரண்டு ஜாதி, ஐயா. இரண்டுக்கும் உள்ளே குமிழ்கள்தான். ஒன்றில் ஒவ்வொரு குமிழுக்கும் கதவு சாத்தியிருக்கும், அதனால் தண்ணீர் உள்ளே போகாது. இன்னொன்றில் எல்லாக் கதவும் திறந்திருக்கும். அது மெத்தைக்கு, சோபாவுக்கு. தண்ணீரில் போட்டால் குடித்துக்கொண்டே இருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் சில ரகங்களில் வித்தியாசம் தெரியாது. நிறம் ஒன்று, கெட்டித்தன்மையும் ஏறக்குறைய ஒன்று. கடித்துப் பார்த்தால் எனக்குத் தெரியும். வரைபடம் போடுகிறவருக்குத் தெரியாது.

முதலில் நான் நல்ல சரக்குதான் கொண்டுபோனேன். ஒரு துண்டைப் பக்கெட் தண்ணீரில் அமுக்கி, மேலே கல்லைத் தூக்கி வைத்தோம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சூழ்ந்து நிற்க, நான் அதை எடுத்துக் கத்தியால் இரண்டாக நறுக்கினேன். உள்ளே ஒரு சொட்டு ஈரம் இல்லை. "பெரிய மாப்ள கடைச் சரக்குன்னா சும்மாவா" என்று மாமனார் கை தட்டினார். என் வேலைக்கு யாராவது கை தட்டியது அதுதான் முதல் தடவை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அப்போது என் மனைவி என் கையிலிருந்து அந்தத் துண்டை வாங்கினாள். தடவிப் பார்த்தாள். பார்த்துவிட்டு, "பாருங்க தம்பி, நீங்க சொன்ன மாதிரியே" என்று அதை அவர் கையில் கொடுத்தாள்.

என் கையிலிருந்து வாங்கி, அவர் கையில். எல்லோரும் அவர் பக்கம் திரும்பினார்கள். நறுக்கிய கத்தியோடு நான் நின்றுகொண்டிருந்தேன். எந்த நிமிஷம் என்று நீங்கள் கேட்டால் அந்த நிமிஷம்தான்.

அதற்கு அடுத்த வாரம் படகின் வரைபடத்தையும் பார்த்தேன். அவர் மேஜையில் விரித்து வைத்திருந்தார். படகில் மூன்று இருக்கைகள். முன்னால் ஒன்று, நடுவில் ஒன்று, எஞ்சினைப் பிடித்துக்கொண்டு அவர் உட்காரப் பின்னால் ஒன்று. நடு இருக்கைக்கு மட்டும் முதுகு சாய்மானம் புதிதாகப் பென்சிலில் சேர்த்திருந்தது. "இதெதுக்கு?" என்று கேட்டேன். "அக்கா சொன்னாங்க" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். என் மனைவிக்குச் சிம்மாசனம் போடுகிறார் என்று புரிந்துகொண்டேன். கொழுந்தியாளுக்குத் தண்ணீரைப் பார்த்தாலே தலை சுற்றும், அவள் ஏறப்போவதில்லை. அப்படியானால் அந்தப் படகில் யார் யார் போவார்கள் என்று கணக்குப் போடப் படிப்பு எதற்கு.

ஃபோம் அடைக்கிற வேலையை நானே செய்கிறேன் என்றேன். சகலை நெகிழ்ந்துபோனார். "உங்களுக்கு ஏண்ணா சிரமம்? ஏற்கெனவே முதுகுவலி" என்றார். பரவாயில்லை, குடும்பக் காரியம் என்றேன். கடையிலேயே ஒவ்வொரு அறைக்கும் அளவெடுத்து வெட்டி, தூசி படாமல் இருக்கட்டும் என்று கறுப்புப் பிளாஸ்டிக் தாளில் சுற்றிக் கொண்டுபோனேன். தாளைப் பிரித்தால் மேலே தெரிகிற ஒரு அடுக்கு நல்ல சரக்கு. அதற்குக் கீழே எல்லாம் சோபா ஃபோம். தாளில் அடிப்பக்கம் முழுக்க ஊசியால் குத்தி வைத்திருந்தேன்.

ஃபோமுக்கும் அடிப்பலகைக்கும் நடுவே விரல் கனத்துக்கு இடைவெளி விட வேண்டும், அதில்தான் தண்ணீர் ஓடும் என்று சகலை சொல்லியிருந்தார். நான் விடவில்லை. அறையைவிடக் கொஞ்சம் உயரமாக வெட்டி, முழங்காலால் அமுக்கித் திணித்தேன். சட்டத்து ஓட்டைகளில் துண்டுகளை உருட்டி அடைத்தேன். சங்கிலியை நடுவில் வெட்டி எடுத்துவிட்டு, இரண்டு கோடியிலும் மிச்சமிருந்த துண்டுகளை உள்ளே இருந்த ஃபோம் கட்டியில் கட்டினேன். இழுத்தால் கொஞ்சம் வரும், விட்டால் ஃபோம் அதைத் திரும்ப இழுத்துக்கொள்ளும். வெளியே இழுக்கிறவர் கைக்குச் சங்கிலி ஓடுவது மாதிரியே இருக்கும். அதை யோசித்துக் கண்டுபிடித்தது நான். யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியாத கெட்டிக்காரத்தனம் அது. இப்போது உங்களிடம் சொல்கிறேன்.

நான் அமுக்கிக்கொண்டிருந்தபோது அவர் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பிசின் கலக்கிக்கொண்டிருந்தார். ஒரு தடவைகூட எட்டிப் பார்க்கவில்லை. மாமனார் வெளியே குறட்டை விட்டார். என் மனைவி எனக்கு டீ கொண்டுவந்து கொடுத்தாள். அன்றைக்கு எனக்குத்தான் முதலில் கொடுத்தாள், அவருக்கு அப்புறம். நான் குடித்துவிட்டு வேலையைத் தொடர்ந்தேன். சாயந்தரம் தரைப்பலகையைப் போட்டுத் திருகி, விளிம்பெல்லாம் பிசின் பூசி மூடிவிட்டோம். அதற்குப் பிறகு உள்ளே இருப்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

நீங்கள் என்னைக் கொலைகாரன் என்று நினைக்கிறீர்கள். முகத்தில் தெரிகிறது. அவசரப்படாதீர்கள், ஐயா. அப்போது நான் நினைத்ததெல்லாம் அவர் மூக்கு உடைய வேண்டும் என்பதுதான். படகுத்துறையில் கட்டியிருக்கும்போதே ஒரு நாள் அது முங்கட்டும், எல்லோரும் சிரிக்கட்டும், மாமனார் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வரட்டும் என்று நினைத்தேன். அது பெரிய தப்பா?

படகு அப்படி முங்கவில்லை. ஏரியில் இறக்கினோம், அழகாக நின்றது. ஊரே படகுத்துறைக்கு வந்து பார்த்தது. மழைக்காலம். மேலே பெய்தது கீழே இறங்கியது, இறங்கியதை ஃபோம் குடித்தது. படகு கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்தது. தினமும் பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. நான் எப்போதாவது போவேன், எனக்குத் தெரியும். சகலைக்கும் ஒரு தடவை சந்தேகம் வந்தது.

"கரையில ஏத்தும்போது கனமா இருக்குண்ணா. முன்ன மாதிரி இல்ல."

"புது மரம் தண்ணி குடிக்கத்தான் செய்யும். போகப்போக சரியாயிடும்" என்றேன்.

அவர் திருகு மூடியைக் கழற்றிப் பார்த்தார். ஒன்றிரண்டு சொட்டு விழுந்தது, அவ்வளவுதான். சங்கிலியை இழுத்தார். வந்தது, போனது. அவர் முகம் மலர்ந்துவிட்டது. "பாருங்கண்ணா, உள்ள ஒரு சொட்டு இல்ல. காய்ஞ்சு கிடக்கு" என்றார். தண்ணீர் வெளியே வராவிட்டால் உள்ளே தண்ணீர் இல்லை என்று நினைக்கிற ஆள் அவர். தான் செய்த வழியில் அவ்வளவு நம்பிக்கை. நானும் குனிந்து பார்த்து, ஆமாம் என்றேன்.

குஷன் விஷயத்துக்கு வருகிறேன். மிதவைச் சட்டைகள் வாங்க வேண்டும் என்று சகலை சொன்னார். எதற்கு வீண்செலவு, இருக்கைக்குப் போடுகிற குஷனையே கைப்பிடி வைத்துத் தைத்துத் தருகிறேன், விழுந்தால் மார்போடு அணைத்துக்கொண்டால் போதும் என்றேன். அப்படிக் குஷன்கள் உண்டு, நான் இல்லாததைச் சொல்லவில்லை. இரண்டு தைத்தேன். பின் இருக்கைக்கு ஒன்று, நடு இருக்கைக்கு ஒன்று. பின் இருக்கைக் குஷனுக்குள் சோபா ஃபோம். நடு இருக்கைக் குஷனுக்குள் கடையில் இருந்ததிலேயே உயர்ந்த, தண்ணீர் குடிக்காத ஃபோம். தையல் ஓட்டைகளுக்கெல்லாம் மெழுகு தேய்த்தேன். ஓரத்தில் சிவப்புப் பட்டி வைத்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நல்ல குஷன் நான் தைத்ததில்லை.

அதை என் மனைவி கையில் கொடுத்தேன். "இது உனக்கு. வேற யாருக்கும் குடுக்காதே" என்றேன்.

"ஏன், அப்படி என்ன விசேஷம் இதுல?" என்று கேட்டாள். சிரித்துக்கொண்டே கேட்டாள். எனக்காக அவள் அப்படிச் சிரித்து ரொம்ப நாளாகியிருந்தது.

"உன் அளவுக்குத் தச்சது" என்றேன்.

அதை எடுத்துக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போய்க் காட்டினாளாம். என் வீட்டுக்காரர் எனக்காகத் தைத்தது என்று பெருமை அடித்துக்கொண்டாளாம். பிறகு கொழுந்தியாள்தான் சொன்னாள்.

இப்போது புரிகிறதா, ஐயா? மூக்கு உடைந்தால் மட்டும் போதாது என்று எப்போது நினைக்க ஆரம்பித்தேன் என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. படகு நடு ஏரியில் முங்கும். அவர் கட்டிய படகு அவளைக் கைவிடும். நான் தைத்த குஷன் அவளைத் தாங்கும். என் வேலையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அவள் கரைக்கு வருவாள், கரையில் நான் நிற்பேன். இதைத்தான் நினைத்தேன். தையல் மெஷினில் உட்கார்ந்து திரும்பத் திரும்ப நினைத்தேன். அவர் என்ன ஆவார் என்பதை நினைக்கவில்லை. அதாவது, நினைக்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. மழை விட்டு வெயில் அடித்தது, காற்று மட்டும் இருந்தது. படகுத்துறைக்கு எல்லோரும் போனோம். என் மனைவி சிவப்புப் பட்டி குஷனை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். சகலை எஞ்சினை மாட்டினார். இருவரும் ஏறியதும் பின்பக்கம் தண்ணீருக்கும் படகின் விளிம்புக்கும் ஒரு சாண்கூட இல்லை. பார்த்தேன். என் மனைவி நடு இருக்கையில் உட்காராமல் முன்னால் போய் உட்கார்ந்தாள். நடு இருக்கையைக் கையால் தட்டிக் காட்டி, "நீங்களும் வாங்களேன். ஒரு தடவை" என்று என்னைக் கூப்பிட்டாள்.

"முதுகு வலிக்குது. நீங்க போயிட்டு வாங்க" என்றேன்.

அவள் முகம் சின்னதாகிப் போனது. பிறகு கையை ஆட்டினாள். அப்போது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்று நீங்கள் நினைப்பீர்கள். சொல்லியிருக்கலாம். கொழுந்தியாள் என் பக்கத்தில்தான் நின்றாள், மாமனார் நின்றார். ஆனால் குஷன் அவளிடம் இருந்தது. என் வேலையில் எனக்கு நம்பிக்கை இருந்தது.

நடு ஏரியில் ஒரு பயணிகள் படகு அவர்களைக் கடந்து போனது. அது கிளப்பிய அலை பின்பக்கமாக ஏறியது. சாதாரண அலைதான். சரியாக இருந்த படகென்றால் ஆடிவிட்டு நின்றிருக்கும். இது நிற்கவில்லை. எஞ்சின் இருந்த பக்கம் தாழ்ந்தது, தாழ்ந்ததும் இன்னும் தண்ணீர் ஏறியது. கொழுந்தியாள் கத்தினாள். நான் கத்தவில்லை. இரண்டு தலை தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு தலை தெரிந்தது. பயணிகள் படகு திரும்பி வந்து அந்த ஒருவரைத் தூக்கியது. தண்ணீரில் சிவப்பாக ஒரு கோடு தெரிந்ததால் அது அவள்தான் என்று எனக்கு நிச்சயம். நிம்மதியாகக்கூட இருந்தது. படகு பக்கத்தில் வந்த பிறகுதான் பார்த்தேன். குஷனை அணைத்துக்கொண்டு கிடந்தவர் சகலை.

அவளை மறுநாள் காலையில் எடுத்தார்கள். அதெல்லாம் உங்களுக்குத் தெரியும்.

ஆஸ்பத்திரியில் அவரைப் போய்ப் பார்த்தேன். போகாமல் இருந்தால் நன்றாக இருக்காது. என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதார். தேம்பித் தேம்பிச் சொன்னதை அப்படியே சொல்கிறேன்.

"என் குஷன் கையிலேயே கனத்துப் போச்சுண்ணா. முங்குறேன்னு கத்தினேன். அக்கா அவங்க குஷனை என்கிட்ட தள்ளிட்டாங்க. 'பிடிங்க தம்பி, இது அவர் கையால தச்சது, முங்காது. நான் படகைப் பிடிச்சுக்கிறேன், அடியில அவர் போட்ட ஃபோம் இருக்கு'ன்னு சொன்னாங்க. சொல்லிட்டுப் படகைப் பிடிச்சாங்கண்ணா. அது கீழ போச்சு. அவங்க விடவே இல்லண்ணா. மேல வரும் வரும்னு பிடிச்சுக்கிட்டே இருந்தாங்க."

சாய்மானத்தைப் பற்றியும் சொன்னார். "அந்த நடு சீட்டே உங்களுக்காகத்தான். அவர் முதுகு தாங்காது, சாய்மானம் வெச்சா என்னிக்காவது ஒரு நாள் வருவார்னு அக்கா சொல்லிக்கிட்டே இருப்பாங்க. உங்ககிட்ட முன்னாடியே சொல்லக் கூடாதுன்னாங்க." அழுகிறவர்கள் அந்த நேரத்துக்கு ஆறுதலாக ஏதாவது சொல்வார்கள். நான் கேட்டுக்கொண்டேன். அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் சுவரில் சாய்த்து அந்தக் குஷன் இருந்தது. வரும்போது தொட்டுப் பார்த்தேன். உள்ளே காய்ந்தே இருந்தது. தையல் ஒன்றுகூட விடவில்லை.

இதையெல்லாம் யாரும் கண்டுபிடிக்கவில்லையே, ஏன் நீயாக வந்தாய் என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. வீட்டுக்கு வருகிற சனமெல்லாம் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, சகலையைத்தான் கட்டிக்கொண்டு அழுகிறது. மாமனார் அவர் தலையைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருக்கிறார். அவர் சாப்பிடவில்லை, தூங்கவில்லை, தன்னால்தான் போனாள் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார் என்று ஊரே உருகுகிறது. அவள் இருந்தபோது எல்லாம் அவருடைய வேலை. அவள் போனதுகூட அவருடைய வேலையாகவே இருக்க வேண்டுமா, ஐயா? அவள் என் மனைவி. அவர் ஒழுங்காகக் கட்டிய படகு அது, ஒரு குறையும் கிடையாது. அதை முங்க வைத்தது நான். படகை ஏரியிலிருந்து எடுத்து முற்றத்தில் போட்டிருக்கிறீர்களே, அதன் தரைப்பலகையைப் பெயர்த்துப் பாருங்கள். மேல் அடுக்கைத் தூக்கினால் அடியில் இருப்பதைப் பிழியலாம், இன்னும் தண்ணீர் வரும். சங்கிலியின் நடுத்துண்டு என் கடையில் வெட்டு மேஜைக்குக் கீழே இருக்கிறது. எல்லாவற்றையும் என் பெயரில் எழுதுங்கள், அவர் பெயர் எங்கேயும் வரக் கூடாது.

கையெழுத்துப் போடுகிறேன். அதற்கு முன்னால் ஒரே ஒரு விஷயம் சேர்த்துக்கொள்ளுங்கள். அவளைச் சந்தேகப்பட்டது பாவம் என்று நீங்கள் சொன்னீர்கள். எனக்கும் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வரும்போது, ஒருவேளை நான்தான் தப்பாக நினைத்துவிட்டேனோ என்று ஒரு நிமிஷம் மனசு உளைந்தது. அப்புறம் யோசித்துப் பார்த்தேன். பக்கெட்டிலிருந்து எடுத்த துண்டை என் கையிலிருந்து வாங்கி அவரிடம் கொடுத்தாள். வேறு யாருக்கும் கொடுக்காதே என்று வாய்விட்டுச் சொல்லித் தந்த குஷனையும், சாகப் போகிற நேரத்தில் அவரிடமே கொடுத்தாள். நான் நினைத்தது சரிதான், ஐயா.